பிர்க்கே வீட்டுக்கு வந்த ஊர்வலம்

சால்மே மலையில் ஒரு நல்ல காரியம் நடந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பிர்க்கே தன் சனாய்க் குழலை ஊதிவிட்டால் நடந்ததாகக் கணக்கு. ஊதவில்லை என்றால், வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாயே வந்திருந்தாலும் அது வராத மாதிரிதான்.

அவர் ஊதாத வெற்றி எங்கள் ஊரில் கிடையாது. மரம் நட்டதற்கு ஊதினார். நட்ட மரத்தை ஆடு மேய்ந்துவிட, அடுத்த வருஷம் அதே குழியில் இன்னொரு கன்றை நட்டார்கள், அதற்கும் ஊதினார். குப்பைத் தொட்டி வைத்ததற்கு ஊதினார். அந்தத் தொட்டியில் குப்பை போட்டால் அசிங்கமாகிவிடும் என்று சாக்கு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. வயசானவர்களுக்குப் போர்வை கொடுத்த விழாவில் போர்வை வாங்கியவர்களைவிட மேடையில் பட்டுத்துண்டு வாங்கியவர்கள் அதிகம். அன்றைக்கு நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்து நிறையச் செண்டுமல்லி மாலையுமாகத் தலைவர்கள் மேடையை விட்டு இறங்கியபோது, "ஊருக்குள்ள ஒரே நேரத்துல இத்தன மாப்ளைங்க எங்கேருந்து வந்தாங்க?" என்று பிர்க்கே தன் மச்சான் ஜங்கேயைக் கேட்டார். ஜங்கே முரசு அடிக்கிறவர். சிரித்த சிரிப்பில் தாளம் தப்பிப் போனது.

அரசாங்கத் தாளில் அவர் பெயர் பிர்க்க பஹாதூர் பரியார். ஊர் வாயில் வெறும் பிர்க்கே. அறுபதை நெருங்கும் மனிதரை நேற்று மீசை முளைத்தவன்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். தமாய் சாதிக்காரனுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை என்பது ஊரின் எண்ணம். துணி தைப்பதும் மங்கல காரியங்களுக்கு வாசிப்பதும் அந்தச் சாதிக்கு விதித்த வேலை. பிர்க்கேயின் அப்பா மேல்சாதி வீடுகளுக்கு வருஷம் முழுக்கத் தைத்தும் வாசித்தும் கொடுத்துவிட்டு, அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வீடு தானியம் வாங்கிப் பிழைத்தார். பிர்க்கேயும் மீசை முளைக்கும் முன்பே தையல் மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினார். பிறகு டும்ரே பஜாரில் ரெடிமேட் சட்டைகள் தொங்க ஆரம்பித்தன, மெஷின் மூலைக்குப் போனது. ஒரே மகன் கத்தாரில் கம்பி கட்டுகிறான். கல்யாண வீடுகளும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாறத் தொடங்கிய நேரத்தில் தொண்டு அமைப்புகள் வந்தன. வாரத்துக்கு ஒரு விழா வைத்து பிர்க்கேயின் பிழைப்பைக் காப்பாற்றின. அவர்கள் செய்த ஒரே நிஜமான தொண்டு அதுதான் என்று அவர் சொல்லுவார்.

மேடையில் சாதி ஒழிந்துவிட்டது என்று பேசுவார்கள். பேசி முடித்ததும் வாத்தியக்காரர்களுக்குத் தனியாக, முற்றத்துக்குக் கீழே, டீ வரும். குடித்த தம்ளரை அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். பிர்க்கே கழுவுவார், நிதானமாக, நுரை பொங்கப் பொங்க. "பேச்ச விட தம்ளர் சுத்தமா இருக்கணும்ல" என்பார்.

ஊரில் அமைப்புகள் இரண்டு. மேற்குப் பக்கம் நவசிகர் இளைஞர் மன்றம். அதன் தலைவர் ரிஷிராம் லம்சால், ஐம்பது தாண்டிப் பேரனும் பார்த்துவிட்ட இளைஞர். கிழக்குப் பக்கம் மிலன் அம்மாக்கள் குழு. அதன் தலைவி தில்குமாரி குருங். அவருடைய புருஷன் இந்தியப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் ஓய்வெடுக்க, இந்த அம்மா பட்டாளம் நடத்தினார். ஒரு பக்கம் ஆடு கொடுத்தால் மறுபக்கம் கோழி கொடுக்கும். ஒரு பக்கம் விழாவுக்கு ஒரு வளைவு கட்டினால் மறுபக்கம் இரண்டு கட்டும். பிர்க்கே எல்லா வளைவுக்குள்ளும் ஊதிக்கொண்டு நுழைவார்.

இரண்டு பக்கத்துக்கும் எல்லை ஓடை. அந்த ஓடை மலையிலிருந்து இறங்கும் வழியில் ஓர் இடத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் கீழே போய் மறுபடி ஒன்று சேரும். நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு திட்டு. எதுவும் விளையாத அந்தத் திட்டில்தான் பிர்க்கேயின் தாத்தாவை ரிஷிராமின் தாத்தா குடி வைத்தார். நிலம் லம்சால்களுடையது, மேலே நிற்கும் குடிசை மட்டும் பிர்க்கேயுடையது. எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. மூன்று தலைமுறையாக இருந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாவட்டம் முழுக்கக் கழிப்பறைக் காய்ச்சல் அடித்தது. எல்லா வீட்டிலும் கழிப்பறை இருந்தால் அந்த ஊரை 'வெளிக்குப் போகாத ஊர்' என்று அறிவிப்பார்கள். அறிவித்தால் முச்சந்தியில் பெரிய பலகை, பரிசு, பொக்கரா நகரத்திலிருந்து விருந்தினர். நல்ல காரியம்தான், அதில் பிர்க்கேவுக்குச் சந்தேகமே இல்லை. சொல்லப்போனால் ஊரிலேயே அதற்கு அவரைவிட அதிகம் ஆசைப்பட்டவர் கிடையாது. அவர் மனைவி தன்சரிக்கு இரண்டு முட்டியும் வீங்கிப் போயிருந்தது. ஓடைக் கல்லில் கால் வைத்து இறங்கி, அந்தப் பக்க மேட்டில் ஏறி, மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் அவள் முகம் வெளிறிவிடும்.

மன்றத்து இளைஞர்களுக்கு மஞ்சள் சட்டையும் ஆளுக்கொரு விசிலும் கொடுத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் அவர்கள் காடுமேடெல்லாம் சுற்றுவார்கள். யாராவது உட்கார்ந்திருப்பது தெரிந்தால் விசில் அடிப்பார்கள். ஆள் எழுந்து ஓடியதும் அந்த இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் கொடியை நடுவார்கள். வெட்கப்பட்டுத் திருந்துவார்களாம். ஒரு நாள் தன்சரியைப் பார்த்து விசில் அடித்தார்கள். மற்றவர்கள் போல அவளால் சட்டென்று எழுந்து ஓட முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள், முட்டி மடங்கவில்லை, நிமிரவும் இல்லை. அவள் எழும்வரை அவர்கள் விசிலை நிறுத்தவில்லை. அவள் எழுந்து போனதும் கொடியை நட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து ராத்திரிக் களியை நிறுத்தினாள். தண்ணீரையும் குறைத்தாள். "பசிக்கல" என்றாள். கழனி வேலைக்குப் போய்விட்டு வரும் மனுஷிக்குப் பசிக்காமல் எப்படி இருக்கும்? பிர்க்கே இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அதட்டிக் கேட்டார், அப்போதுதான் விசில் அடித்ததைச் சொன்னாள். சாப்பிடாவிட்டால் விடியலில் ஒதுங்கப் போக வேண்டியதில்லையாம். கையில் இருந்த களியை அவரும் தட்டிலேயே திரும்ப வைத்தார். "ஊதறதையாவது ஒழுங்கா ஊதினானுங்களா? அதுலயும் சுதி கெடையாது" என்றார். தன்சரி சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் ரிஷிராம் வீட்டு முற்றத்தில் போய் நின்றார். மனைவியைப் பட்டினி போட்டுவிட்டு எந்த ஊர் சுத்தமாகி என்ன?

"ஐயா, வீட்டுக்குப் பின்னால ஒரு குழி வெட்டிக்கிறேன். தன்சரிக்கு முட்டி போச்சு."

"வெட்டிக்கயேன். ஊருக்கே அதத்தான சொல்லிட்டுத் திரியறேன்? யாரு வேணாங்கறா?"

"நெலம் உங்களுதாச்சே ஐயா."

ரிஷிராம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மேடையில் 'ஒரு குழி, ஒரு குடும்பத்தின் மானம்' என்று முழங்குகிறவர் அவர்தான்.

"குழின்னா, எம்புட்டு ஆழம்?"

"உங்க மன்றத்துச் சுவத்துல படம் வரைஞ்சு போட்டிருக்கீங்களே, அந்த ஆழந்தான்."

"இல்ல பிர்க்கே, யோசிக்கணும். இன்னிக்கிக் குழி வெட்டுவ. நாளைக்கி அதச் சுத்திக் கல்லு அடுக்குவ. அப்புறம் உம்மவன் கத்தார்லேருந்து வந்து, இது எங்க எடம்னு நெஞ்ச நிமித்திட்டு நிப்பான். குடிசைன்னா பிரிச்சுப் போட்டுடலாம். குழிய என்ன பண்றது? எங்க தாத்தா வாய் வார்த்தையில உங்களக் குடி வெச்சாரு. அது வாய் வார்த்தையாவே இருந்துட்டுப் போகட்டும்."

"வாய் வார்த்தையில வெளிக்கிப் போக முடியாதுங்களே ஐயா."

"பாத்தியா? இந்த வாய்தான் உனக்கு எதிரி" என்று ரிஷிராம் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு அன்று சுகாதாரப் பயிற்சி முகாம் இருந்தது. அவர்தான் பயிற்சி கொடுப்பவர்.

மேற்குப் பக்கம் முதலில் அறிவிப்பு விழா வைத்தது. மேடையில் ரிஷிராம், "நம்ம எல்லைக்குள்ள கழிப்பறை இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!" என்று மார் தட்டினார். காட்ட வேண்டிய வீட்டுக்காரர் மேடைக்குக் கீழே சனாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்றால், மன்றம் அந்த விழாவுக்காக ஓடையின் மேற்குக் கிளையை எல்லை என்று வைத்துக்கொண்டது. பிர்க்கேயின் திட்டு அப்படியே கிழக்குப் பக்கம் போய்விட்டது. பட்டுத்துண்டுகள் பறந்தன. வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தார்.

அடுத்த மாசம் கிழக்குப் பக்கத்தின் முறை. தில்குமாரி அம்மா குடிசைக்கே வந்தார்.

"பிர்க்கே அண்ணே, நல்லாருக்கீங்களா?" என்றார். காரியம் ஆக வேண்டும் என்றால்தான் அந்த 'அண்ணே' வரும். "ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மழைக் காலத்துல எந்தக் கிளையில தண்ணி அதிகமா வருது?"

"எந்தக் கிளையில அதிகமா வந்தா உங்களுக்குத் தோது?"

"கெழக்குல."

"அப்ப கெழக்குலதாம்மா வருது."

"அப்படிச் சொல்லுங்க! அதான எல்லை. உங்க வீடு மேக்குல சேந்தது. விழாவுக்கு நீங்கதான் வாசிக்கணும், என்ன?"

"இருக்கிற எடத்த விட்டு நகராமலே ஊரு சுத்தறேம்மா. பஸ்சு செலவு மிச்சம்."

அந்த அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். விழா நடந்தது. மேற்கைவிட ஒரு வளைவு அதிகம். பிர்க்கே அதற்கும் வாசித்தார்.

அன்று சாயங்காலம் விழாவில் கிடைத்த, எண்ணெயில் பொரித்த சேல் ரொட்டியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து அவர் தன்சரியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஏ மனுஷா, நெசமாவே ஒனக்கு வெக்கமா இல்லையா? நம்ம வீடே இல்லன்னு அவங்க சொல்றாங்க. ஆமா ஆமான்னு நீ ஊதிட்டு வர்ற. ரெண்டு தடவ ஊதியாச்சு."

"ஊதலன்னா அடுப்பு எரியாதுடி."

"ஊதி மட்டும் என்ன எரியுது? சாயங்காலமானா நாந்தான் திங்கறதில்லையே."

பிர்க்கே பொட்டலத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வாசல் கல்லில் போய் உட்கார்ந்தார். மேடைத் தலைவர்களைப் பார்த்து இவ்வளவு நாள் சிரித்தாரே, அவர்கள் பொய்க்குச் சுதி சேர்த்தது யார்? அந்த எண்ணம் அவரைப் பிடுங்கித் தின்றது.

இரண்டு பக்கமும் வென்றுவிட்டதால் மூன்றாவதாக ஒரு விழா தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்து முழு சால்மேயையும் ஒரே ஊராக அறிவிக்கும் பெருவிழா. இங்கேதான் மன்றமும் குழுவும் மாட்டிக்கொண்டன. இந்தத் தடவை எல்லை மலைக்கு அந்தப் பக்கம். பிர்க்கேயின் குடிசையைத் தூக்கி மலையைத் தாண்டி எறிய இரண்டு பேராலும் முடியாது.

ஜென்ம விரோதிகள் முதல் தடவையாக ஒன்று கூடி யோசித்தார்கள். அது வீடே இல்லை, மாட்டுக் கொட்டகை என்று சொல்லிவிடலாம் என்றார் ரிஷிராம். மாட்டுக் கொட்டகையின் கூரையில் காலையும் மாலையும் புகை வருகிறதே, விருந்தினர் கேட்டால் மாடு சமைக்கிறது என்பதா என்று தில்குமாரி கேட்டார். கடைசியில் வேறு வழி பண்ணினார்கள். விழாவுக்கு முந்தின நாள் மன்றத்து ஆட்கள் வந்து குடிசைக்குப் பின்னால் நாலு மூங்கில் நட்டு, நீலத் தகரம் அடித்து, கதவு வைத்து, கதவில் பூட்டும் போட்டார்கள். உள்ளே வெள்ளைவெளேர் என்று பீங்கான். குழி கிடையாது, பீங்கான் புல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

"சாவிய யாரு கிட்ட குடுப்பீங்க?" என்று தன்சரி கேட்டாள்.

"சாவி எதுக்கு? விருந்தாளிங்க மேல் வழியாப் போவாங்க, தூரத்துலேருந்து பாத்தா தெரியணும், அம்புட்டுத்தான். விழா முடிஞ்சதும் கழட்டிக்குவோம். தகரம் மன்றத்துது, பீங்கான் அம்மாக்களுது."

அவர்கள் போன பிறகு பிர்க்கே வெகுநேரம் அந்தத் தகரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "தன்சரி, மண்வெட்டியக் கழுவி வை" என்றார்.

"எதுக்கு?"

"நாளைக்கி விருந்தாளி வர்றாரு."

விருந்தாளி பொக்கராவில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் தலைவர் பிரமோத் சார். ஊர் ஊராக விழாவுக்கு வாசித்துத் திரிந்த பிர்க்கேவுக்கு அவரை நன்றாகத் தெரியும். முடிந்த வேலையைப் பார்ப்பதில் அவருக்கு ருசி இல்லை. முதல் மண்வெட்டி போடுவதென்றால் உயிரையே கொடுப்பார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் முதல் மண்வெட்டி போட்ட இடத்தில் அதற்கு மேல் இன்னொரு மண்வெட்டி விழவில்லை. தண்ணீர் தேங்கி வாத்து நீந்துகிறது. ஆனால் அவர் குனிந்து மண்ணை வெட்டும் படம் மட்டும் எல்லாச் சுவரிலும் தொங்குகிறது.

விருந்தினரை ஊர் எல்லையிலிருந்து மேடைக்கு அழைத்து வருவது வாத்தியம். முன்னால் வாத்தியம், பின்னால் விருந்தினர், அதற்குப் பின்னால் ஊர். கல்யாணமானாலும் சாமி ஊர்வலமானாலும் வாத்தியத்தை யாரும் முந்தக் கூடாது. முந்தினால் மங்கலம் கெட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நிறுத்தவும் கூடாது. வாத்தியம் போகும் பக்கம் ஊர் போக வேண்டும்.

அரசமரத்து மேடை வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது. அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. மேல் வழி விழா மைதானத்துக்கு, கீழ் வழி ஓடைக்கு. பிர்க்கே கன்னம் உப்ப ஊதிக்கொண்டே கீழ் வழியில் இறங்கினார். ஜங்கே முரசோடு பின்னால் இறங்கினார். வளைந்த கொம்பு ஊதுகிறவர்கள் இறங்கினார்கள். பிரமோத் சார் கைகூப்பியபடி, இரு பக்கமும் இருந்த மரங்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தபடி இறங்கினார்.

ரிஷிராம் ஓரமாக ஓடி வந்து காதருகில் கத்தினார். "டேய் பிர்க்கே! மேல் வழிடா! மேல போ!"

வாயில் சனாய் இருக்கும் மனிதனிடம் பதில் எதிர்பார்க்க முடியாது. பிர்க்கே கண்ணை உருட்டி ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே ஓடையைத் தாண்டினார். ரிஷிராமுக்குக் குறுக்கே போய் நிற்கத் தைரியம் வரவில்லை. சுகாதாரம் வேறு, மங்கலம் வேறு.

ஊர்வலம் குடிசைக்குப் பின்னால் வந்து நின்றது. அங்கே தன்சரி புடவையை இழுத்துச் செருகி, தட்டில் குங்குமமும் அரிசியும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. அதன் பிடியில் செண்டுமல்லி மாலை.

பிரமோத் சாரின் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. "அடடா! இங்க ஒரு நிகழ்ச்சியா? நிகழ்ச்சி நிரல்ல இல்லையே ரிஷிராம்ஜி!"

பிர்க்கே சனாயை வாயிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "எங்க ஐயா சொல்லிட்டுச் செய்யற ரகம் இல்லீங்க சார். நெலம் இல்லாத குடும்பம், கக்கூசுக்கு இந்த எடத்த எடுத்துக்கோ, மொத மண்வெட்டி மட்டும் பெரியவங்க கையால விழணும்னுட்டாரு."

"அப்படியா! அப்ப அந்த நீலத் தகரம்?"

"அதையும் ஐயாவே சொல்லிடட்டும் சார்."

அத்தனை கண்ணும் ரிஷிராம் மேல் திரும்பியது. பிர்க்கே சனாயை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். இந்த ஆள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், நாளைக்குக் குடிசையும் இருக்காது. ரிஷிராம் தகரத்தைப் பார்த்தார், விருந்தினரைப் பார்த்தார், எதிரே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். கதவைத் திறந்தால் புல்லின் மேல் பீங்கான். திறக்காமல் இருக்க வேண்டுமென்றால் நிலத்தைக் கொடுத்தாக வேண்டும்.

"அது சாமான் வைக்கிறதுக்கு சார்" என்றார் ரிஷிராம். "சிமெண்டு நனையாம இருக்கணும்ல."

"நிலக் கொடையாளரே!" என்று பிரமோத் சார் அவரைக் கட்டிப்பிடித்து, தன் கழுத்தில் இருந்த பட்டுத்துண்டை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். கூட்டம் கை தட்டியது. தில்குமாரி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சிமெண்டு எங்க குழு குடுக்குது சார்! பீங்கான் ஏற்கெனவே குடுத்தாச்சு. அதையும் மைக்குல சொல்லுங்க!" என்று முன்னால் பாய்ந்து வந்தார். சிமெண்டு அதுவரை யாருடைய கனவிலும் இருந்ததில்லை.

பிரமோத் சார் குனிந்து மண்ணை வெட்டினார். படம் எடுத்தார்கள். இன்னொரு தரம் வெட்டச் சொல்லி இன்னொரு படம். நூற்றுக்கு நூறு என்று அறிவிக்க வந்த மனிதர், கழிப்பறை இல்லாத வீட்டு மண்ணில்தான் நிற்கிறோம் என்பதைக் கடைசிவரை யோசிக்கவில்லை. யோசிக்கிறவராக இருந்தால் அவரை விழாவுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மைதானத்துக்குப் போய் முழு சால்மேயையும் அறிவித்துவிட்டு, மாலைக்குள் பொக்கராவுக்குக் கிளம்பினார்.

பிர்க்கே விருந்துக்கு நிற்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வந்து அந்த இரண்டு வெட்டு விழுந்த இடத்தில் மூன்றாவது வெட்டைப் போட்டார். ஜங்கே மண் அள்ளிக் கொட்டினார். இடுப்பளவு இறங்கியிருக்கும்போது ரிஷிராம் வந்தார்.

"என் மானத்த வாங்கிட்டியேடா."

"குடுத்திருக்கேன் ஐயா. கழுத்தத் தொட்டுப் பாருங்க."

பட்டுத்துண்டு இன்னும் அங்கேயேதான் இருந்தது. ரிஷிராம் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், ஆனால் கழற்றவில்லை.

"எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, இந்தக் குழிய மூட."

"மூடுங்க. ஆனா நாளைக்கே மூடாதீங்க. படம் பொக்கராவுல கழுவி வந்து மன்றத்துல மாட்டட்டும். மாட்டினப்புறம் அந்தப் படத்துக்குக் கீழ நின்னு மூடறதுன்னு முடிவு பண்ணுங்க."

ரிஷிராம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். பிர்க்கேயும் தன்சரியும் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கவில்லை. அதற்குள் படம் வந்தது, கண்ணாடி போட்டு மாட்டினார்கள், கீழே 'நிலக் கொடையாளர்' என்று பொன் நிறத்தில் எழுதினார்கள். டும்ரேயிலிருந்து ஒரு சங்கம் ரிஷிராமைக் கூப்பிட்டு மாலை போட்டது. அங்கே அவர், ஏழையின் கண்ணீரைக் கண்டு தூக்கம் வராமல் தவித்த கதையைப் பேசினார். பேசப் பேச அவரே பட்டுத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயும் வாசிக்கப் போயிருந்த பிர்க்கே கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து தன்சரியிடம், "இனிமே பயமில்ல. அந்த ஆளு அத நம்ப ஆரம்பிச்சுட்டாரு" என்றார்.

தகரத்தை மன்றம் கழற்றிக்கொண்டு போனது. பீங்கானும் சிமெண்டும் தில்குமாரி அம்மாவின் வாய்த் துடுக்கால் வந்து சேர்ந்தன. பிர்க்கே ஓடைக் கல்லை மண் குழைத்து அடுக்கிச் சுவர் எழுப்பி, மரக் கதவு வைத்தார். சுவரில் ஒரு கைப்பிடி மூங்கிலை ஆழமாகப் பதித்தார், பிடித்துக்கொண்டு உட்காரவும் எழவும். எல்லாம் முடிந்த அன்றைக்கு ராத்திரி தன்சரி இரண்டு உருண்டை களி சாப்பிட்டாள். புளிக்க வைத்த கீரையில் செய்த குந்துருக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள், சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். பிர்க்கே அடுப்பு வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கியது, புகை என்று சொல்லிவிட்டார்.

பொழுது விடிந்து வெயில் ஏறியதும் ஓடையின் இரண்டு கிளையையும் தாண்டி இரண்டு கூட்டம் வந்தது. மேற்கிலிருந்து ரிஷிராம், கையில் 'நவசிகர் இளைஞர் மன்றத்தின் நிலக் கொடையில் எழுந்த கழிப்பறை' என்று எழுதிய தகரப் பலகை. கிழக்கிலிருந்து தில்குமாரி, கையில் 'மிலன் அம்மாக்கள் குழுவின் அன்பளிப்பு' என்று எழுதிய பலகை. அது ஒரு முழம் பெரிசு. ஆணி, சுத்தியல், படம் எடுக்க ஆள், எல்லாம் தயாராக வந்திருந்தார்கள். கதவு ஒன்றுதான் இருந்தது. யார் பலகை மேலே என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"பிர்க்கே அண்ணே, நீங்களே சொல்லுங்க, நெலம் பெருசா, பீங்கான் பெருசா?"

"சனாய எடுத்துட்டு வாப்பா. மாட்டும்போது ஊதணும்" என்றார் ரிஷிராம்.

பிர்க்கே வாசல் கல்லில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "மாட்டுங்க, ஆனா கொஞ்சம் பொறுக்கணும்" என்றார்.

ரிஷிராம் பொறுக்கவில்லை. ஆணியைக் கதவில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது. அவர் சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். தில்குமாரி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தூறல் போட ஆரம்பித்தது. பலகையில் எழுத்து காய்ந்திருக்கவில்லை.

"யாரு அது?" என்றது உள்ளேயிருந்து தன்சரியின் குரல்.

"மன்றத்துத் தலைவரும் குழுத் தலைவியம்மாவும் வந்திருக்காங்க. பலகை மாட்டணுமாம்" என்றார் பிர்க்கே.

"நிக்கச் சொல்லு" என்றாள் தன்சரி. "எனக்கு இன்னும் ஆகல."